யாங் ஜிஷெங் கதைய நம்ம தெருவுல நாடகமா போடுறது எப்படி

தெரு நாடகம்னாலே குடி, டெங்கு, ஓட்டுக்குக் காசு வாங்காதே இதத்தான் போடணுமா, வேற கதையே இல்லையான்னு கேக்குற பசங்களுக்காக எழுதுறேன். கதை இருக்கு. 1553ல சீனாவுல மிங் ராஜாக்கள் காலத்துல யாங் ஜிஷெங்னு ஒரு நடுத்தர ஆபீசர், நாட்டுலயே பெரிய கையா இருந்த மந்திரி மேல நேரா ராஜாவுக்கே மனு எழுதினாரு, நூறு அடி வாங்கினாரு, மூணு வருஷம் கிட்ட ஜெயில்ல கெடந்தாரு, 1555ல தலைய வெட்டிட்டாங்க. வட சென்னையில வியாசர்பாடிலேர்ந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவுல வேணா இத போடலாம். எட்டு பேர் போதும், மேடை வேணாம், ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடலாம்.

மொதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க. இந்தக் கதைய கேட்ட உடனே எல்லாருக்கும் அந்த நூறு அடி சீன்தான் கண்ணு முன்னாடி வரும், ரத்தம், கத்தல், பேக்ரவுண்டுல பறைன்னு கை துறுதுறுங்கும். அத வெச்சு நாடகத்த கட்டாதீங்க. இது மனு கதை. தண்ணிக்கு, பட்டாவுக்கு, ட்ரெயினேஜுக்கு, பவர் ஹவுஸ் சாம்பலுக்குன்னு மனு எழுதாத வீடு நம்ம பக்கத்துல ஏது? உக்காந்து பாக்குற ஒவ்வொரு அம்மாவும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஜெராக்ஸ் காப்பி வெச்சிருக்கறவங்கதான். ஒரு மனுவுல எந்த வரிய எழுதுறோம், எந்த வரிய விடுறோம்ங்கறதுல ஒரு உசுரே போயிடும்னு காட்டினா அவங்களுக்கு அது சீனாக்காரன் கதையா தெரியவே தெரியாது.

கதைய முழுசா தெரிஞ்சுக்காம ரிகர்சலுக்குப் போவாதீங்க, அதனால சுருக்கமா சொல்லிடுறேன். ஜிஷெங் பொறந்தது 1516, வட சீனாவுல ரோங்செங்னு ஒரு ஊரு. ஏழு வயசுல அம்மா போயிட்டாங்க, அப்பாவோட இன்னொரு சம்சாரம் பையன மாடு மேய்க்க அனுப்பிட்டாங்க. மேய்க்கப் போற வழியில மத்த பசங்க படிக்கறத பாத்துட்டு அண்ணங்கிட்ட வந்து நானும் படிக்கறேங்கறான், நீ சின்னப் பையன்டா உனக்கு எதுக்குங்கறாரு அண்ணன், மாடு மேய்க்க மட்டும் வயசு பத்துது படிக்க பத்தலையாண்ணான்னு கேட்டிருக்கான். இது அவரோட வரலாத்துலயே இருக்கு, இந்த ஒரு வரிய மொத சீனா வெச்சிடுங்க, ரெண்டு நிமிஷம் கூட வேணாம். பதிமூணு வயசுலதான் பையன் வாத்தியார்கிட்ட போனான், மாட்டையும் விடல. 1547ல பெரிய பரீட்சை பாஸ் பண்ணி அரசாங்க வேலைக்கு வந்தாரு.

1550ல மங்கோலியத் தலைவன் அல்தான் கான் படையோட பெய்ஜிங் கோட்டைச் சுவர் வரைக்கும் வந்து சுத்துப்பட்டு ஊரையெல்லாம் கொளுத்திட்டுப் போனான். அடுத்த வருஷம் அவங்கூட குதிரைச் சந்தை வெச்சு சமாதானமா போலாம்னு சியூ லுவான்ங்கற தளபதி சொல்ல, இது கூடாதுன்னு ஜிஷெங் மனு போட்டாரு, பலன், ஜெயில், அப்புறம் தீதாவ்னு ஒரு எல்லை ஊருக்குத் தண்டனை டிரான்ஸ்ஃபர். அங்க போயி சும்மா இருக்கல, தன்னோட குதிரையையும் வீட்டம்மா நகையையும் வித்து பசங்க படிப்புக்காக நிலம் வாங்கி விட்டாரு. 1552ல சியூ லுவான் செத்தான், அவன் பண்ண துரோகமெல்லாம் வெளிய வந்துது, ஜிஷெங் சொன்னது சரின்னு ஆச்சு, ஒரே வருஷத்துல நாலு புரமோஷன். இந்தப் புரமோஷனுக்கு பின்னாடி இருந்தவருதான் மந்திரி யென் சுங். சியூ லுவானுக்கும் யென் சுங்குக்கும் அப்ப ஆகாது, அதனால இவன நம்ம ஆளா வளைச்சுக்கலாம்னு தூக்கி விட்டாரு. ஜிஷெங் என்ன பண்ணாருன்னா ராணுவ இலாகாவுல புது நாற்காலியில உக்காந்து ஒரு மாசம்தான் ஆயிருக்கும், தூக்கி விட்ட அந்த யென் சுங் மேலயே மனு எழுத ஆரம்பிச்சாரு.

இவ்வளவையும் நடிச்சுக் காட்டினா ஜனங்க எழுந்து போயிடுவாங்க. கட்டியக்காரன் ஒருத்தன வெச்சிக்கோங்க, கூத்துல வர்ற மாதிரியே. மங்கோலியன், சந்தை, டிரான்ஸ்ஃபர், புரமோஷன் எல்லாத்தையும் அவன் ஆடிக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல சொல்லிடட்டும். கானா பாடத் தெரிஞ்ச பையன் இருந்தா அவனையே கட்டியக்காரனா போடுங்க, பாட்டுல ஏத்தினா ஜனங்களுக்கு பேர் நிக்கும். பேர் விஷயத்துல இன்னொண்ணு, ஹீரோ யாங், வில்லன் யென், மைக்ல ரெண்டும் ஒரே மாதிரி விழும். அதனால ஹீரோவ ஜிஷெங்னே சொல்லுங்க, மத்தவர யென் சுங்னு முழுசா சொல்லுங்க. பேர மாத்தி தமிழ்ப் பேர் வைக்காதீங்க, யென் சுங்குக்கு வெள்ளை வேட்டி கட்டி விட்டு ஏரியா ஆளுங்கள ஜாடை காட்டவும் வேணாம். சீனாக் கதைய சீனாக் கதையா போட்டா ஜனங்க தாங்களே அவங்கவங்க ஆள வெச்சுப் பாத்துக்குவாங்க, நீங்க கை காட்டினா அந்த ஒரு ஆளோடயே கதை சுருங்கிடும், பிரச்சனையும் வரும்.

டிரெஸ்ஸு. சீனாக்காரன்னா பின்னாடி நீளமா சடை, கண்ண இழுத்து மை போடறது, சிங் சாங்னு பேசறது, இது மூணும் வேணவே வேணாம். மத்தவங்க மூஞ்சிய கேலி பண்றது அசிங்கம், அதுக்கு மேல தப்பும் கூட, அந்தச் சடை 1644க்கு அப்புறம் மஞ்சு ராஜாங்க கொண்டு வந்தது, மிங் காலத்துல உச்சியில கொண்டைதான். ஆபீசருங்களுக்கு கறுப்புக் குல்லா, ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ஆண்டர்சன் தெருவுல கெட்டி அட்டையும் கறுப்பு சார்ட்டும் வாங்கிட்டு வந்தா ஒரு சாயந்தரத்துல அத்தனைக்கும் செஞ்சிடலாம், ரெக்கைக்கு உள்ள கம்பி வெச்சு ஒட்டுங்க இல்லன்னா கடல்காத்துல மடங்கிடும். அங்கி கணுக்கால் வரைக்கும் தொளதொளன்னு, எம்.சி. ரோடுல துணி எடுத்து தெரு டெய்லர்கிட்ட குடுத்தா நேரா ரெண்டு தையல்தான். கலர மட்டும் மாத்தாதீங்க: முதல் நாலு கிரேடு ஆபீசருக்கு சிவப்பு, அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் நீலம். ஜிஷெங் அஞ்சாங் கிரேடு, அதனால நீலம். யென் சுங் மொத கிரேடு, சிவப்பு, நெஞ்சுல நாரை படம். ஒரு டயலாக்கும் இல்லாம யாரு யாரு மேல மனு எழுதுறாங்கறது கலர்லயே தெரிஞ்சிடும்.

யென் சுங்குக்கு ஆள் தேடறப்போ மீசை, தொப்பை, உருட்டு முழின்னு போவாதீங்க. அப்ப அவருக்கு எழுபது தாண்டிடுச்சு. ஒல்லியா நெடுநெடுன்னு இருப்பாரு, குரல் கணீர்னு, நல்ல கவிஞர் வேற. ராஜா தாவோ சாமி பூஜையில முழுகிக் கெடந்தாரு, அந்தப் பூஜைக்கு அழகா பிரார்த்தனை எழுதிக் குடுத்தே ராஜா பக்கத்துல இடம் புடிச்சவரு யென் சுங். படிச்ச, மரியாதை தெரிஞ்ச, யாரையும் வாடா போடான்னு பேசாத பெரியவர் மாதிரி நடிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் பயம் வரும்.

ராஜாவுக்கு நடிகனே வேணாம். ஜியாஜிங் ராஜாவ 1542ல அரண்மனைப் பொண்ணுங்களே கழுத்த நெரிச்சுக் கொல்லப் பாத்தாங்க, அதுக்கப்புறம் அவர் அந்த அரண்மனைய விட்டு மேக்கால இருந்த தோட்டத்து மாளிகைக்குப் போயிட்டாரு, சபைக்கே வர்றதில்ல. ஒரு மஞ்சத் துணி, அதுக்குப் பின்னாடி காலி நாற்காலி, உத்தரவெல்லாம் மைக்ல செந்தமிழ்ல வரட்டும். மத்த எல்லாரும் நம்ம பேச்சுலயே பேசலாம்.

இப்ப மனு எழுதுற சீன். இதுக்கு பன்னெண்டு நிமிஷம் ஒதுக்குங்க, மூச்சு முட்டினாலும் கம்மி பண்ணாதீங்க. பிரவுன் பேப்பர் ரோல் ஒண்ணு தரையில விரியணும். நடிகர் நெசமாவே எழுதணும், சும்மா கைய ஆட்டக்கூடாது, தடியான பிரஷ், கறுப்பு போஸ்டர் கலர், மேலேர்ந்து கீழ, வலது ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, எழுத்து தமிழ்லயே இருக்கட்டும். மொத வரிசையில உக்காந்திருக்கிற குழந்தைங்க எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும், படிக்கட்டும், அதுதான் நமக்கு வேணும். மனு குடுக்கறதுக்கு முன்னாடி அவரு மூணு நாள் விரதம் இருந்தாரு, அதனால வீட்டம்மா சாப்பாடு கொண்டு வந்து வெச்சுட்டு எடுத்துட்டுப் போறது மூணு வாட்டி நடக்கட்டும், மூணாவது வாட்டி அவங்க, ஏங்க இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவருதானேன்னு கேக்கட்டும். அந்த டயலாக் நம்ம எழுதுறது, அவங்க அப்படி கேட்டாங்கன்னு சொல்லல, ஆனா பாக்குற எல்லார் மனசுலயும் அந்தக் கேள்வி இருக்கும், யாராவது கேட்டே ஆகணும்.

மனுவுல பத்து குத்தம், அஞ்சு சதின்னு மொத்தம் பதினஞ்சு பாயிண்ட். பதினஞ்சையும் படிச்சா தூங்கிடுவாங்க. நான் நாலுதான் எடுப்பேன். ஒண்ணு, பிரதம மந்திரிங்கற பதவியே வேணாம்னு வம்சத்தோட மொத ராஜா 1380ல ஒழிச்சுட்டாரு, யென் சுங் பேரு இல்லாம அந்தப் பதவியிலயே உக்காந்திருக்காரு. ரெண்டு, எல்லா ஃபைலையும் அவரோட பையன் யென் ஷிஃபான் தான் முடிவு பண்றான், ஊர்ல பெரிய பிரதமர் சின்னப் பிரதமர்னே பேசறாங்க. மூணு, 1550ல எதிரி வாசல்ல நிக்கறப்போ சண்டை போடாதேன்னு ராணுவ மந்திரி டிங் ருகுய்க்கு சொன்னதே யென் சுங்தான், உன்ன நான் பாத்துக்கறேன்னும் சொல்லி கடைசியில டிங் ருகுய் தலை மட்டும் போச்சு. நாலாவது சதி லிஸ்ட்லேர்ந்து: நாட்டுல இருக்கற மனுவெல்லாம் வந்து சேர்ற ஆபீஸ்ல தலைவரா இருந்த ஜாவ் வென்ஹுவா, யென் சுங்குக்கு வளர்ப்பு மகன் முறை. எந்த மனு வந்தாலும் ராஜா பாக்கறதுக்கு முன்னாடி யென் சுங் பாத்துடுவாரு. இந்த பாயிண்ட்ட படிக்கறப்போ கொஞ்சம் நிறுத்துங்க. காலையில குடுத்த மனு சாயந்தரத்துக்குள்ள யாரு மேல குடுத்தமோ அவன் கைக்கே போயிடுற கதை நம்மூர்ல எல்லாருக்கும் தெரியும், கூட்டத்துலேர்ந்து ஒரு சத்தம் வரும், அது அடங்குற வரைக்கும் அடுத்த டயலாக் பேசாதீங்க.

கடைசி வரிதான் கொன்ன வரி. நான் சொல்றதுல நம்பிக்கை இல்லன்னா யூ இளவரசரையும் ஜிங் இளவரசரையும் கூப்பிட்டுக் கேளுங்க, இல்ல மத்த மந்திரிங்கள கேளுங்கன்னு எழுதுறாரு. நல்ல மனசுல எழுதினதுதான். ஆனா ராஜா தன் பசங்களையே பக்கத்துல சேக்காதவரு, இளவரசர்ங்கற பேச்சு எடுத்தாலே சந்தேகம். இந்த வரிய எழுதி முடிச்சதும் ஒரே ஒரு பறை அடி, எல்லாரும் அப்படியே ஃப்ரீஸ். ஏன்னு கட்டியக்காரன் சொல்லவே கூடாது.

அடுத்த சீன்ல அதே பேப்பர் ரோல் யென் சுங் கையில. பத்து குத்தத்தையும் படிக்கறப்போ விரல் வேகமா இறங்கிட்டு வருது, முகத்துல பயம். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நிக்குது. திரும்பி அதே வரிய இன்னொரு தடவ மெதுவா படிக்கறாரு, தோள் இறங்குது, ரோல பொறுமையா சுருட்டுறாரு. சிரிக்கக்கூடாது, டயலாக்கும் கூடாது. இந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் தனியா ரிகர்சல் பாருங்க, வெரல் நிக்கறது கடைசி வரிசைக்கும் தெரியணும். அப்புறம் ராஜாகிட்ட போயி, இவன் இளவரசருங்கள இதுல இழுக்கறான் பாருங்கங்கறாரு. விசாரணையில ஏன்யா இளவரசர் பேர எழுதினேன்னு கேட்டப்போ ஜிஷெங் சொன்ன பதில் சரித்திரத்துல இருக்கு, அவங்க ரெண்டு பேர விட்டா யென் சுங்குக்குப் பயப்படாதவங்க வேற யாரு இருக்காங்கன்னு. இத கத்தி சொல்லக்கூடாது, நெசமாவே பதில் தெரிஞ்சுக்கக் கேக்கற மாதிரி சொல்லணும்.

அடி சீன மறைச்சே பண்ணுங்க. மஞ்சத் துணிக்குப் பின்னாடி பறை, முன்னாடி கோரஸ் எண்ணுது, அவ்வளவுதான். அரண்மனைத் தண்டனையில அஞ்சு அடிக்கு ஒரு ஆள் மாறுவான், கை ஓயக்கூடாதுன்னு, அதனால எண்ணுற ஆளும் அஞ்சுக்கு ஒரு தடவ மாறட்டும், நாப்பது வரைக்கும் எண்ணினா ஜனங்களுக்கு மீதி புரியும். அதுக்கு முன்னாடி ஒரு குட்டி சீன்: வலி தெரியாம இருக்க மலைப்பாம்போட பித்தப்பைய ஒரு நண்பர் அனுப்புறாரு, தைரியம் பித்தப்பையில இருக்கறதா சீனாவுல ஒரு நம்பிக்கை, என்னோடதே எனக்கு இருக்கு பாம்போடது எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டாரு ஜிஷெங்.

ஜெயில் சீனுக்கு ரெண்டு பேர். அடி வாங்கின காயம் அழுகிப் போயி நடு ராத்திரி முழிப்பு வருது, மருந்தில்ல, பீங்கான் கிண்ணத்த ஒடச்சு அந்த ஓட்டாலயே அழுகின சதைய தானே அறுத்து எடுக்கறாரு. விளக்கு புடிச்சிட்டிருந்த காவலாளிக்குக் கை நடுங்கி விளக்கு விழப் போச்சாம், இவரு மட்டும் அசையல. அறுக்கறத காட்டாதீங்க. ஜிஷெங் முதுகு ஜனங்க பக்கம், காவலாளி மூஞ்சி ஜனங்க பக்கம். தெரு லைட்ட அணைச்சுட்டு காவலாளி கையில ஒரே ஒரு சார்ஜ் லைட், அது நடுங்க நடுங்க பின்னாடி செவுத்துல நிழலும் நடுங்கும். குரூப்லயே ரொம்ப கூச்சப்படற பையன்னு ஒருத்தன் இருப்பான் பாருங்க, இந்த வேஷம் அவனுக்குத்தான். கிண்ணத்த அங்க ஒடைக்காதீங்க, பசங்க வெறுங்காலோட உக்காந்திருக்கும், சத்தம் மட்டும் பின்னாலேர்ந்து வரட்டும்.

ஷி சாவ்பின்னு ஒரு நீதி இலாகா ஆபீசர விட்டுடாதீங்க, சின்ன வேஷம்தான். இளவரசர் உத்தரவுன்னு பொய் சொன்னான்னு ஜிஷெங் மேல குத்தம் சாட்டினப்போ, அப்படி இந்த மனுவுல எங்க இருக்குன்னு கேட்டவரு, கேட்டதுக்காக அவரையும் பதவி இறக்கி வெளியூருக்கு அனுப்பிட்டாங்க. யாருமே வாய் தொறக்கலன்னு காட்டினா அது பொய்யாயிடும்.

1555க்கு வந்துடுவோம். ராஜாவுக்கே ஜிஷெங்க கொல்ற அவசரம் இல்ல, அதனால யென் சுங் ஒரு வேலை பண்ணாரு. கடற்கரைக் கொள்ளைக்காரங்களோட சண்டை போட்ட ஜாங் ஜிங்ங்கற தளபதி மேல ராஜாவுக்குக் கடுங்கோவம், அவர் மரண தண்டனை ஃபைல் கையெழுத்துக்குப் போவுது, அந்த லிஸ்ட் கடைசியில ஜிஷெங் பேரையும் சேத்து அனுப்பிட்டாங்க. ராஜா படிக்காம போட்டுட்டாரு. வீட்டம்மா ஜாங் அம்மா, என் தலைய எடுத்துக்கோங்க அவர விட்டுடுங்கன்னு ஒரு மனு எழுதினாங்க, அது ராஜா கைக்குப் போய்ச் சேரவே இல்ல. அந்த மனுவ ஜாங் அம்மா கூட்டத்துக்குள்ளயே வந்து நின்னு படிக்கட்டும், வேஷத்துக்கு வயசான பொம்பளை ஆள் கெடச்சா நல்லது, ரேஷன் கடைக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் நடந்து தேஞ்ச குரல் அதுல வரணும். சாகறதுக்கு முன்னாடி அவரு சம்சாரத்துக்கும் ரெண்டு பசங்களுக்கும் கடுதாசி எழுதி வெச்சாரு, எனக்கு அப்புறம் நீ உசுர விட்டுடாத, புள்ளைங்கள வளக்கணும்னு எழுதியிருக்காரு. வெட்டுற சீன் கிடையாது, கடுதாசி படிச்சு முடிச்சதும் நீல அங்கிய மடிச்சு வெச்சுட்டுப் போயிடணும்.

நிறைய பேர் இங்கயே முடிச்சிடுவாங்க, இல்லன்னா 1562ல யென் சுங் பதவி போச்சு, 1565ல பையன் தலையும் போச்சு, நீதி ஜெயிச்சுதுன்னு பறை அடிச்சு முடிப்பாங்க. ரெண்டும் வேணாம். நடந்தது இன்னும் பெரிசு. யென் ஷிஃபான் மேல குத்தப்பத்திரிகை எழுதினவங்க ஜிஷெங்க கொன்னதையும் அதுல சேத்திருந்தாங்க. அப்ப தலைமை மந்திரியா இருந்த ஷு ஜியே, ஒரு காலத்துல ஜிஷெங்குக்கு வாத்தியாரா இருந்தவரு, அந்தக் காகிதத்த பாத்துட்டு, உங்களுக்கு இவன் சாகணுமா பொழைக்கணுமான்னு கேட்டாரு. சாகணும்னாங்க. அப்படின்னா இந்த வரிய எடுங்க, ஜிஷெங்க கொல்ல கையெழுத்து போட்டது ராஜா, அத தப்புன்னு எழுதினா ராஜாவுக்குக் கோவம் வந்து இவன் ஜாலியா வெளிய நடந்துடுவான்னாரு. எடுத்துட்டு, கடல் கொள்ளைக்காரங்களோட சேந்து நாட்டுக்குத் துரோகம் பண்ணான்னு எழுதினாங்க, அவன் செத்தான். அதாவது ஒரு வரிய சேத்ததால ஜிஷெங் செத்தாரு, அவரப் பத்தின வரிய எடுத்ததாலதான் அவர கொன்னவங்களோட கதை முடிஞ்சுது. இந்த சீன்தான் கடைசி. மனு எழுதுற சீன்ல விரிச்ச அதே மாதிரி பேப்பர், ஷு ஜியே பிரஷ்ஷால ஜிஷெங் பேர அடிக்கறாரு, அடிச்சது எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் புடிக்கட்டும்.

அதுக்கப்புறம் கட்டியக்காரன் ரெண்டே தகவல் சொல்லலாம். 1567ல அந்த யூ இளவரசரே ராஜாவா வந்து ஜிஷெங்குக்கு மரியாதை செஞ்சாரு. பெய்ஜிங்ல அவர் இருந்த வீட்ட ஜனங்க கோயிலாக்கிட்டாங்க, 1895ல ஜப்பான்கிட்ட தோத்து நிலத்த எழுதிக் குடுக்கறத எதுத்து மனு போட்ட பரீட்சைப் பசங்க கூடினது அந்த இடத்துலதான்.

மீதி எல்லாம் ஏற்பாடு. மைக் வெச்சா ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கிடுங்க, ராத்திரி பத்துக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, அதனால ஏழரைக்கு ஆரம்பிச்சிடணும். ஆடி மாசம் வேணாம், தெருவுக்குத் தெரு கூழ் மைக் ஓடும். காசிமேடு பக்கம் போடறதா இருந்தா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அப்பத்தான் ஆம்பளைங்க வீட்டுல இருப்பாங்க. பொம்பளைங்களுக்கு முன் வரிசை விடுங்க. நாடகம் முடிஞ்சதும் பேப்பர் ரோல சுருட்டிடாதீங்க, தரையிலயே விரிச்சு வெச்சு பக்கத்துல ரெண்டு மார்க்கர் போடுங்க, அவங்க மனுவுல என்ன எழுதினாங்க, என்னத்த விட்டாங்கன்னு எழுத வருவாங்க. எழுதத் தெரியாதவங்க சொல்றத எழுதிக் குடுக்க குரூப்ல ஒருத்தர் அங்கயே உக்காந்திருக்கணும்.